கொலஸ்ட்ராலுக்கு மணி கட்டியவர்கள்

மலையடிவாரத்து ஊர்களில் மாடுகளைக் காலையில் காட்டுக்குள் மேய விட்டுவிடுவார்கள். மாலையில் அவற்றை ஓட்டிவரப் போகிறவன் மாட்டைக் கண்ணால் தேடுவதில்லை, காதால் தேடுகிறான். மாட்டின் கழுத்தில் கட்டிய மணி எந்தப் புதருக்குப் பின்னால் ஒலிக்கிறதோ, அங்கே மாடு நிற்கிறது. காட்டின் ஒவ்வொரு மூலையையும் அவன் நடந்து பார்க்க வேண்டியதில்லை.

மணி கட்டுவதற்கும் சில விதிகள் உண்டு. மாட்டின் நடையையே மாற்றிவிடும் அளவுக்கு மணி கனமாக இருக்கக் கூடாது. கயிறு அவிழக் கூடாது; அவிழ்ந்தால் மணி ஓரிடத்திலும் மாடு வேறோரிடத்திலும் கிடக்கும். மணியோசை காட்டைத் தாண்டி நம் காதுக்கு எட்ட வேண்டும். மாடு போய்ச் சேரும் வரையில் மணி ஒலித்துக்கொண்டும் இருக்க வேண்டும். இந்த நான்கு விதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் உடலுக்குள் ஓடும் கொலஸ்ட்ரால் என்னும் பொருளுக்கு மணி கட்ட முயன்றவர்களின் கதையை இவற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

இரத்தப் பரிசோதனை சொல்லாத செய்தி

கொலஸ்ட்ரால் என்றதும் மாரடைப்புதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் கொலஸ்ட்ரால் இல்லாமல் நாம் ஒரு நாளும் உயிர் வாழ முடியாது. உடலின் ஒவ்வொரு செல்லின் உறையிலும் அது இருக்கிறது. பித்தநீரின் அமிலங்கள் அதிலிருந்தே உண்டாகின்றன. பித்தப்பைக் கற்களில் இதனைக் கண்ட பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல், 1816-ஆம் ஆண்டு வாக்கில் இதற்குப் பெயர் சூட்டினார். பித்தம், திண்மம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது.

வயது வந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 140 கிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது அதில் ஒரு சிறு பங்கே. மூளையில் மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தங்கியிருக்கிறது. ஆகவே, இரத்தத்தைச் சோதித்து "உங்களுக்குக் கொலஸ்ட்ரால் இவ்வளவு" என்று எழுதித் தரும்போது, அது சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணிச் சொன்னதாகவே ஆகும். எந்த வண்டி எந்த வீட்டு வாசலில் சரக்கை இறக்கியது என்பதை அந்தத் தாள் சொல்லாது.

'எவ்வளவு' என்ற கேள்விக்கு இரத்தம் விடை தருகிறது. 'எங்கே' என்ற கேள்விக்கு என்ன செய்வது? சில நோய்களில் அந்த இரண்டாம் கேள்விதான் நோயாளியின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

வலமா, இடமா?

நம் சிறுநீரகங்களின் தலைமீது தொப்பி வைத்தாற்போல் இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. இவையே அட்ரினல் சுரப்பிகள். ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடையே இருக்கும். இவற்றின் வெளிப்பகுதியான புறணி, கார்ட்டிசால், ஆல்டோஸ்டீரான் முதலிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. இவற்றுக்கெல்லாம் மூலப்பொருள் கொலஸ்ட்ரால்தான். நெசவாளி வீட்டில் நூல் குவிந்திருப்பதுபோல இந்தச் சுரப்பியில் கொலஸ்ட்ரால் குவிந்திருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால், உடலில் கொலஸ்ட்ரால் மிகுந்த உறுப்புகளில் இதுவும் ஒன்று.

1954-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்னும் மருத்துவர் ஒரு பெண் நோயாளியை ஆராய்ந்தார். அவருக்கு இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. தசைகள் அடிக்கடி வலுவிழந்தன. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டீரானை அளவு கடந்து சுரப்பதே காரணம் என்று கான் கணித்தார். இந்த ஹார்மோன் மிகுந்தால் சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. பொட்டாசியத்தை வெளியே கொட்டிவிடுகிறது. அறுவை செய்து பார்த்தபோது சுரப்பியில் ஒரு கட்டி இருந்தது. அதை நீக்கியதும் நோய் நீங்கிற்று. இன்று இந்நோயைக் கான் நோய் என்றே குறிப்பிடுகிறார்கள்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இந்தக் கட்டிகள் பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்கும் சிறியவை. கட்டி ஒரு சுரப்பியில் மட்டும் இருந்தால் அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டுப் பல நோயாளிகளைக் குணப்படுத்தலாம். இரண்டு சுரப்பிகளுமே பருத்து மிகையாகச் சுரந்தால் அறுவை பயனற்றது, மாத்திரைகளே வழி. இரத்தப் பரிசோதனையோ இரு நிலையிலும் ஒரே விடையைத்தான் தருகிறது: 'ஆல்டோஸ்டீரான் அதிகம்.' நோயாளி அறுவை மேடையில் படுத்தாக வேண்டுமா, படுத்தால் எந்தப் பக்கத்தைத் திறப்பது? தவறிப் போனால் நல்ல சுரப்பியை எடுத்துவிட்டு நோயை உள்ளேயே விட்டுவைப்போம் அல்லவா? உடலின் குறுக்குவெட்டுப் படங்களைத் தரும் சி.டி. ஸ்கேன் அன்று இல்லை. ஆகவே வேறு வழி ஒன்று தேவைப்பட்டது. சுரப்பி கொலஸ்ட்ராலை விழுங்குகிறது. கொலஸ்ட்ராலுக்கு மணி கட்டி அனுப்பினால் எந்தச் சுரப்பி மிகுதியாக விழுங்குகிறது என்று தெரிந்துவிடும்!

ஹெவெசி காட்டிய வழி

அணுவையே மணியாகக் கட்டலாம் என்று முதலில் காட்டியவர் ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் டி ஹெவெசி. 1911-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அவர் தங்கியிருந்த விடுதியில், மிஞ்சிய உணவையே மறுபடியும் பரிமாறுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம் வந்ததாம். தட்டில் மீதம் விட்ட உணவில் கதிரியக்கப் பொருள் சிறிது கலந்துவைத்தார். சில நாள் கழித்து வந்த புதிய பதார்த்தத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தபோது கருவி கதிரியக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது! பின்னாளில் அவரே சொன்னதாகக் கூறப்படும் நிகழ்ச்சி இது.

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். 1923-இல் அவர் கதிரியக்க ஈயத்தைக் கொண்டு, செடியின் வேர் உறிஞ்சிய ஈயம் எங்கெங்கே செல்கிறது என்று கண்டறிந்தார். ஒரு தனிமத்தின் கதிரியக்க ஐசோடோப்பும் சாதாரண ஐசோடோப்பும் வேதியியலில் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. ஒன்று மட்டும் தன் இருப்பிடத்தைக் கதிர்களால் அறிவித்துக்கொண்டிருக்கிறது. இப்படித் தடம் காட்டும் பொருளைத் தடங்காட்டி என்கிறோம். இம்முறைக்காக 1943-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபெல் பரிசு ஹெவெசிக்கு வழங்கப்பட்டது.

கொலஸ்ட்ரால் ஆராய்ச்சியிலும் தடங்காட்டிகள் விரைவில் புகுந்தன. உடல் கொலஸ்ட்ராலை எவ்வாறு சிறுகச் சிறுகக் கட்டுகிறது என்பதைக் கான்ராட் புளோக், பெயோடர் லைனன் ஆகியோர் கண்டறிந்து 1964-இல் நோபெல் பரிசு பெற்றனர். புளோக் தம் ஆய்வுகளில் ஐசோடோப்புகளையே துணைக்கொண்டார்.

எந்த மணியைக் கட்டுவது?

கொலஸ்ட்ராலில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றே. மூலக்கூறு ஒன்றில் 27 கார்பன் அணுக்களும் 46 ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உண்டு. அப்படியானால் ஒரு கார்பனை எடுத்துவிட்டுக் கதிரியக்கக் கார்பன்-14ஐ வைத்தால் என்ன? மாட்டுக்குச் சுமை என்பதே தெரியாது. ஆனால் மூன்றாம் விதி தடுக்கிறது. கார்பன்-14 வெளியிடுவது வலுவற்ற பீட்டாத் துகள். அது தசைக்குள் கால் மில்லிமீட்டர் அளவு செல்வதற்குள் அடங்கிவிடும். சோதனைக்குழாயில் பயன்படும், உயிருள்ள மனிதரின் வயிற்றுக்குள்ளிருந்து வெளியே கேட்காது. கதிரியக்க ஹைட்ரஜனாகிய டிரிட்டியத்தின் ஓசை இன்னும் மெல்லியது. கார்பன்-11 உரக்க ஒலிக்கும். ஆனால் 20 நிமிடத்தில் பாதி அடங்கிவிடும். கொலஸ்ட்ரால் சுரப்பிக்குள் போய்ச் சேரப் பல நாளாகும்போது அது எப்படிப் பயன்படும்?

உடலைத் துளைத்து வெளிவரும் காமாக் கதிர் வேண்டும்; சில நாள் நீடிக்கவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் பொருந்தியது அயோடின்-131. இதன் அரை ஆயுள் 8 நாள். காமாக் கதிரின் ஆற்றல் 364 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். தைராய்டு நோய்களுக்கு உலகெங்கும் வழங்கப்படும் ஐசோடோப்பு இதுவே. நம் நாட்டுக்கும் மும்பையை அடுத்த டிராம்பே அணு உலையிலிருந்து இது கிடைக்கிறது.

ஆனால் கொலஸ்ட்ராலில் இயற்கையாக அயோடின் இல்லையே! ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அங்கே அயோடினை ஒட்டவைக்க வேண்டும். கொலஸ்ட்ராலின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 386. அயோடின் அணுவின் எடையோ 131. மாட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள மணி! இதைச் சுமந்துகொண்டு மூலக்கூறு தன் வழக்கமான பாதையில் போகுமா? உடல் அதைக் கொலஸ்ட்ரால் என்று ஏற்றுக்கொள்ளுமா? ஏற்காது என்றே பலரும் எண்ணக்கூடும்.

ஆன் ஆர்பர் ஆய்வாளர்கள்

அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேமாண்ட் கவுன்செல் என்னும் வேதியியலாரும், தைராய்டு நோய்களில் கதிரியக்க அயோடினைக் கையாண்டு தேர்ந்த வில்லியம் பைர்வால்டஸ் என்னும் மருத்துவரும் இம்முயற்சியில் இறங்கினர்.

மணியைக் கட்டும் இடத்தைத் தேர்வதில்தான் நுட்பம் இருக்கிறது. கொலஸ்ட்ரால் மூலக்கூறை இப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பலகைபோல் இருக்கின்றன. ஒரு முனையில் கைப்பிடி போல ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி. மறு முனையில் எட்டுக் கார்பன்கள் கொண்ட வால். பலகையின் மேற்புறத்தில் இரண்டு முளைகள் போல மீத்தைல் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வேதியியலார் எல்லாக் கார்பன்களுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். இந்த முளைகளில் ஒன்று 19-ஆம் கார்பன். உடல் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியையும் வாலையும் தொடாமல், இந்த 19-ஆம் கார்பனில் அயோடினைப் பொருத்தினார்கள். 19-அயோடோகொலஸ்ட்ரால் பிறந்தது. இது பற்றிய கட்டுரை 1970-இல் வெளிவந்தது.

நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தபோது அட்ரினல் சுரப்பிகள் இதனை ஆவலோடு ஏற்றுக்கொண்டன. 1971-இல் லீபர்மன், பைர்வால்டஸ், கான் முதலானோர், உயிருள்ள மனிதரின் அட்ரினல் சுரப்பிகளைப் படத்தில் கண்டதாக அறிவித்தார்கள். ஒரு காலத்தில் நோயைக் கண்டு சொன்ன அதே கான், பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அந்த நோயின் இருப்பிடத்தைப் படத்திலே பார்த்தார்.

ஆயினும் படங்கள் தெளிவாக இல்லை. சுரப்பியில் சேர்ந்தது குறைவு. இரத்தத்திலும் கல்லீரலிலும் தங்கியது அதிகம். இந்தப் பின்னணி இரைச்சல் அடங்க ஒரு வாரத்துக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. கயிறும் அவ்வப்போது அவிழ்ந்தது. மூலக்கூறிலிருந்து பிரிந்த அயோடின் நேரே தைராய்டைத் தேடிச் சென்றது.

அழுக்கில் கிடந்த மாணிக்கம்

இந்த இடத்தில் கதை ஒரு திருப்பம் காண்கிறது. ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கும் எந்தப் பொருளும் முதலில் நூற்றுக்கு நூறு தூய்மையாக இருப்பதில்லை. 19-அயோடோகொலஸ்ட்ராலிலும் ஓர் அந்நியப் பொருள் கலந்திருந்தது. இத்தகைய கலப்பை நீக்கிவிட்டுத் தூய பொருளை எடுத்துக்கொள்வதே வேதியியலாரின் வழக்கம். ஆனால் நீக்கிய பொருளையும் சோதித்துப் பார்த்தால் என்ன?

ஜப்பானில் கோஜிமா குழுவினரும், மிச்சிகனில் சர்க்கார், பைர்வால்டஸ் முதலியோரும் 1975-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். அட்ரினல் சுரப்பியில் அந்தக் கலப்படப் பொருள், தூய 19-அயோடோகொலஸ்ட்ராலைவிடப் பல மடங்கு மிகுதியாகச் சேர்ந்தது! பல ஆண்டு முயன்று செய்த பொருளைவிட, வேண்டாமென்று விலக்கிய பொருள் சிறந்ததாக இருந்தது.

அது எவ்வாறு உண்டாயிற்று? தயாரிப்பின்போது வெப்பத்தில் மூலக்கூறு தன்னைத்தானே சற்று மாற்றி அடுக்கிக்கொண்டது. 19-ஆம் கார்பன் தான் நின்ற 10-ஆம் இடத்தை விட்டு 6-ஆம் இடத்துக்குத் தாவிவிட்டது. அதுவரை 5-ஆம் கார்பனுக்கும் 6-ஆம் கார்பனுக்கும் இடையே இருந்த இரட்டைப் பிணைப்பு, 5-ஆம் கார்பனுக்கும் 10-ஆம் கார்பனுக்கும் இடையே நகர்ந்துவிட்டது. மணி புதிய இடத்தில் உறுதியாக நின்றது. இந்தப் புதிய பொருளுக்கு என்.பி.-59 என்று பெயர். ஜப்பானில் இது அடோஸ்டெரால் என்னும் பெயரில் வழக்கத்துக்கு வந்தது.

சுரப்பி இதனை ஏன் தேக்கி வைக்கிறது என்பதும் பின்னர் விளங்கிற்று. இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். என்னும் வண்டியில் என்.பி.-59-உம் ஏறிக்கொள்கிறது. செல்லின் வாசலில் அந்த வண்டியை மட்டும் அடையாளம் கண்டு உள்ளே விடும் ஏற்பிகள் உண்டு. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகியோர் 1985-இல் நோபெல் பரிசு பெற்றனர். உள்ளே போன என்.பி.-59-ஐச் செல், கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துக் கிடங்கில் அடுக்கிவைக்கிறது. ஆனால் ஹார்மோன் தயாரிக்கும் பட்டறை இதை ஏற்பதில்லை. சரக்கு கிடங்குக்குள் போகிறது, வெளியே வருவதில்லை. படம் எடுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

படம் எடுக்கும் முறை

நோயாளிக்கு முதல் நாளிலிருந்தே சாதாரண அயோடின் கலந்த லூகால் கரைசலைச் சில சொட்டுகள் வீதம் தருவார்கள். தைராய்டின் வயிறு அதனால் நிரம்பிவிடும்; பிறகு கயிறு அவிழ்ந்த கதிரியக்க அயோடின் வந்தாலும் அது சீந்தாது. அதன்பின் வழக்கமாக 1 மில்லிகியூரி அளவு என்.பி.-59-ஐச் சிரை வழியே மெல்லச் செலுத்துவார்கள். 1 மில்லிகியூரி என்றால் நொடிக்கு 3 கோடியே 70 இலட்சம் அணுக்கள் சிதைகின்றன என்று பொருள்.

சில நாள் சென்றபின் நோயாளியைக் காமா கேமராவின் முன் படுக்க வைக்கிறார்கள். ஹால் ஆங்கர் 1950-களில் அமைத்த கருவி இது. பல துளைகளையுடைய கனத்த ஈயத் தகடு, நேராக வரும் கதிர்களை மட்டும் உள்ளே விடுகிறது. சோடியம் அயோடைடு படிகத்தில் கதிர் பட்டதும் ஒரு மின்மினிபோல் ஒளி தோன்றி மறைகிறது. அந்த மின்னல் எந்த இடத்தில் தோன்றியது என்று கருவி கணக்கிட்டு ஒரு புள்ளி வைக்கிறது. ஆயிரமாயிரம் புள்ளிகள் சேர்ந்தால் அதுவே படம். ஐந்தாம் நாளிலும் அயோடின்-131 ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எஞ்சியிருப்பதால் ஓசை நன்றாகவே கேட்கும்.

எரியும் விளக்கும் அணைந்த விளக்கும்

படத்தைப் படிப்பது எப்படி? கார்ட்டிசால் மிகும் குஷிங் நோயை எடுத்துக்கொள்வோம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி 'சுரந்திடுக' என்று அட்ரினலுக்கு ஹார்மோன் வழியே ஆணையிடுகிறது. கார்ட்டிசால் போதிய அளவு வந்ததும் ஆணையை நிறுத்திவிடுகிறது. வலச் சுரப்பியில் கட்டி இருந்தால் அது ஆணைக்குக் காத்திராமல் கார்ட்டிசாலைக் கொட்டுகிறது. பிட்யூட்டரி ஆணையை நிறுத்துகிறது. பாவம், இடச் சுரப்பி வேலையின்றி உறங்கிப் போகிறது. படத்தில் ஒரு விளக்கு எரியும், மற்றொன்று தெரியாது. நோய் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். பிட்யூட்டரியே தவறாக ஆணையிட்டுக்கொண்டிருந்தால் இரண்டு விளக்குகளும் பிரகாசமாக எரியும்.

இரண்டுமே தெரியாவிட்டால்? அது எச்சரிக்கை. அட்ரினல் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் கொலஸ்ட்ராலைத் திறமையாக ஏற்பதில்லை. ஆனால் அது கொட்டும் கார்ட்டிசால் மறுபக்கத்துச் சுரப்பியை அணைத்துவிடுகிறது. இவ்வாறு இருளும் ஒரு செய்தி சொல்கிறது.

கான் நோயில் வேறோர் உத்தி. ஒரு வாரம் முன்பிருந்தே டெக்சாமெத்தசோன் என்ற மருந்தைக் கொடுத்து நலமான புறணித் திசுவை உறங்க வைப்பார்கள். ஆல்டோஸ்டீரான் கட்டி இதற்கு அடங்காது. ஐந்தாம் நாளுக்கு முன்பே ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் அங்கே கட்டி. இரு பக்கமும் தெரிந்தால் இரண்டுமே பருத்திருக்கின்றன. அறுவையா, மாத்திரையா என்ற கேள்விக்கு விடை இப்படிக் கிடைக்கிறது.

மணியின் குறைகள்

எல்லாம் நலமே என்று எண்ணிவிட வேண்டாம். அயோடின்-131 காமாக் கதிரோடு பீட்டாத் துகள்களையும் வீசுகிறது. படத்துக்கு அவை உதவா. சுற்றியுள்ள திசுவைத் தாக்கவே செய்யும். ஆகவே செலுத்தும் அளவைக் குறைவாக வைக்க வேண்டியிருக்கிறது; அளவு குறைந்தால் படமும் மங்குகிறது. காமாக் கதிரின் ஆற்றல் மிகுதியாதலால் தடித்த ஈயத் தகடு தேவைப்பட்டு, படத்தின் கூர்மை மேலும் குறைகிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டிகள் தப்பிவிடக்கூடும். தடங்காட்டி பித்தநீர் வழியே குடலுக்கும் போவதால், குடலின் ஒளி சுரப்பியின் ஒளியோடு கலந்து மயக்கும். மலமிளக்கி கொடுக்க வேண்டியிருக்கிறது. நோயாளியோ பல முறை மருத்துவமனைக்கு வந்துபோக வேண்டும்.

இதற்கிடையே சி.டி. ஸ்கேன் பரவியது. அது கட்டியை மில்லிமீட்டர் கணக்கில் காட்டுகிறது. ஆனால் அந்தக் கட்டி சுரக்கிறதா, சும்மா இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. வயதானவர்களின் அட்ரினலில் ஒரு தீங்கும் செய்யாத கட்டிகள் பல சமயம் தற்செயலாகத் தென்படுகின்றன. அதனால் தொடையிடுக்குச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒவ்வொரு சுரப்பியிலிருந்தும் வரும் இரத்தத்தைத் தனித்தனியே எடுத்துச் சோதிக்கும் முறை முதன்மை பெற்றது. நம்பகமான முறை, ஆனால் கை தேர்ந்தவர்களுக்கே கைவரும். வலச் சுரப்பியின் சிரை மிகக் குட்டையாகப் பெருஞ்சிரையில் நேரே சேர்வதால், குழாயின் முனையை அதற்குள் நுழைப்பது கடினம். அமெரிக்காவில் என்.பி.-59 ஆய்வு மருந்து என்ற நிலையைத் தாண்டவில்லை. நாளடைவில் அங்கே அது கிடைக்காமலும் போயிற்று.

புதிய மணி

பழைய மூலக்கூறை மறவாதவர்களும் இருந்தார்கள். அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் புரூக்ஸ், விக்லியான்டி, ஸ்காட் முதலிய ஆய்வாளர்கள், என்.பி.-59-இல் அயோடினை நீக்கிவிட்டுப் புளூரின்-18ஐப் பொருத்தினார்கள். மனிதர்களிடம் இதைச் சோதித்த முடிவுகள் 2022-இல் வெளிவந்தன.

புளூரின் அணு அயோடினைவிட மிகச் சிறியது; எடை ஏழில் ஒரு பங்குக்கும் சற்றே குறைவு. மாட்டின் கழுத்திலிருந்து வெண்கல மணியை அவிழ்த்துவிட்டுச் சலங்கையைக் கட்டியதுபோல! புளூரின்-18 சிதையும்போது பாசிட்ரான் என்னும் துகள் வெளிப்படுகிறது. அது அருகிலுள்ள எலெக்ட்ரானோடு மோதி, இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்புகின்றன. நோயாளியைச் சுற்றி வளையமாக அமைந்த கருவி இரண்டையும் ஒரே கணத்தில் பிடிக்கிறது. இரண்டையும் சேர்க்கும் நேர்கோட்டில்தான் அணு இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். கதிரின் திசையை அறிய ஈயத் துளைகள் தேவையில்லை. ஆகவே கதிர்கள் வீணாவது குறைகிறது. இதுவே பெட் ஸ்கேன்.

புளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடமே. நான்காம் விதி இங்கே இடறுகிறது அல்லவா? ஆறு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். ஆனால் கருவியின் காது கூர்மையாகிவிட்டதால் அந்த மெல்லோசையே போதுமாகிறது. நாட்கணக்கில் காத்திருந்த இடத்தில், செலுத்திய அன்றே படம் கிடைக்கிறது. மறுநாள் அதே நேரத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கே எஞ்சியிருப்பதால் உடல் ஏற்கும் கதிர்வீச்சும் குறைகிறது. நோயாளிகளிடம் இது எவ்வளவு துல்லியமாகப் பயன்படும் என்பதை மேலும் ஆய்வுகள்தாம் உறுதி செய்ய வேண்டும். கொலஸ்ட்ராலுக்குப் பதிலாக ஹார்மோன் தயாரிக்கும் நொதியையே பற்றிக்கொள்ளும் மெட்டோமிடேட் என்னும் மற்றொரு தடங்காட்டியும் போட்டிக்கு நிற்கிறது.

இதயக் குழாயில் படிந்ததைக் காண முடியுமா?

இதுவரை படித்த நீங்கள் ஒன்று கேட்கலாம்: "மாரடைப்புக்குக் காரணமான படிவையும் இப்படிப் படம் பிடிக்கலாமே?" நியாயமான கேள்வி. ஆனால் மணி கட்டிய மாட்டைக் கொண்டு அதைக் காண்பது எளிதன்று. அட்ரினல் கொலஸ்ட்ராலை நாள்தோறும் வாங்கிக் குவிக்கும் பண்டசாலை. இரத்தக் குழாயின் படிவோ ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்ந்தது. இன்று அனுப்பும் தடங்காட்டியில் மிகச் சிறிதளவே அங்கே சேரும். அதையும், பக்கத்திலேயே ஓடும் இரத்தத்தில் உள்ள தடங்காட்டியின் ஒளி மறைத்துவிடும். துடிக்கும் இதயமோ ஒரு நொடியும் அசையாமல் நிற்பதில்லை.

எனவே மருத்துவர்கள் சுற்றுவழியை நாடினார்கள். படிவில் அழற்சி இருந்தால் அங்குள்ள செல்கள் சர்க்கரையை மிகுதியாக உண்ணும். கதிரியக்கச் சர்க்கரை அதைக் காட்டும. படிவில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் தோன்றினால் புளூரின்-18 கொண்ட சோடியம் புளூரைடு அவற்றைப் பற்றிக்கொள்ளும். இவை கொலஸ்ட்ராலைக் காட்டுவதில்லை. கொலஸ்ட்ரால் விளைத்த கேட்டைக் காட்டுகின்றன. ஆகவே 'உடம்பில் உள்ள கொழுப்பையெல்லாம் ஸ்கேன் செய்து காட்டுகிறோம்' என்று யாராவது சொன்னால், எதை, எந்தத் தடங்காட்டியால் காட்டுகிறீர்கள் என்று கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனையின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு 'எவ்வளவு' என்று தெரிந்தாலே போதும். உணவையும் மருந்தையும் அதைக்கொண்டு சீர்செய்துகொள்ளலாம். ஆனால் அறுவை அறைக்கு வெளியே கையொப்பமிட நிற்கும் குடும்பத்துக்கு, வலமா இடமா என்பதே எல்லாம். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகத்தான் 27 கார்பன்கள் கொண்ட ஒரு மூலக்கூறின் கழுத்தில் மணி கட்டினார்கள். கட்டிய மணி சரியாக ஒலிக்காதபோது, கழித்துவிட வேண்டிய அழுக்கையும் எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் சோதனையில் எதிர்பாராத படிவு ஏதேனும் அடியில் தங்கினால், கொட்டுவதற்கு முன் ஒரு முறை உற்றுப் பாருங்கள்.